மதுரையில் இருந்தபடி ஒரு பிரீமியர் லீக் சீசனை முழுசாகப் பார்ப்பது எப்படி?

உலகக் கோப்பை ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் அப்படியில்லை. ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை ஓடும். 20 அணிகள், அணிக்கு 38 ஆட்டம், மொத்தம் 380 ஆட்டம். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணி மைதானத்தில் ஒரு முறை ஆடும். அரையிறுதி கிடையாது, ஃபைனல் கிடையாது. ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. மே மாதக் கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவர்கள் சாம்பியன்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களில் பலர் தீபாவளிக்குள் கழன்றுகொள்கிறார்கள். பெரிய அணிகள் மோதும் ஆட்டங்களை மட்டும் பொறுக்கிப் பார்ப்பதுதான் முக்கியக் காரணம். அந்த ஆட்டம் 0-0 என்று முடிந்தால் சலிப்பு, மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தால் பட்டியலே புரிவதில்லை. பிரீமியர் லீக்கில் ருசி இருப்பது கூட்டுத்தொகையில். ஓர் அணியை எடுத்து அதன் 38 ஆட்டத்தையும் தொடர்ந்தால் மீதி 19 அணிகளும் தானாகப் பழகிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது.

முதலில் ஓர் அணி

ஏற்கெனவே மனதில் ஓர் அணி இருந்தால் அதோடு போங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. இல்லையென்றால் நேராகச் சாம்பியனைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியைப் பார்த்தால் ஆட்டம் ஏன் கைமாறுகிறது என்பது கண்ணில் படாது. போன சீசனில் 7-ஆம் இடத்துக்கும் 14-ஆம் இடத்துக்கும் இடையில் முடித்த ஏதாவது ஓர் அணி புதியவருக்குச் சரியாக இருக்கும். ஜெயிக்கும், தோற்கும், டிராவும் செய்யும். மேலே போகவும் வழியுண்டு, கீழே சறுக்கவும் வழியுண்டு.

அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து ஆண்டுதோறும் மூன்று அணிகள் மேலே வருகின்றன. முதல் இரண்டு இடம் நேரடியாக, மூன்றாவது, அடுத்த இடங்களில் முடித்த அணிகள் மோதும் பிளே-ஆஃப் ஜெயித்து. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா? துணிச்சல் இருந்தால் சரி. 2023-24-ல் மேலே வந்த மூன்றும் (பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட், லூட்டன்) அதே ஆண்டு கீழே போயின. 2024-25-ல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றுக்கும் அதே கதி. சவுத்தாம்ப்டன் 38 ஆட்டத்தில் சேர்த்தது வெறும் 12 புள்ளி. முதல் சீசனிலேயே அதைப் பார்த்தால் கால்பந்தே வெறுத்துப்போகும்.

ஆட்டக்காரர்களின் பெயரை ஆகஸ்டில் மனப்பாடம் செய்யாதீர்கள். கோடைக்கால டிரான்ஸ்ஃபர் சந்தை செப்டம்பர் தொடக்கம் வரை திறந்திருப்பது வழக்கம். நீங்கள் பழகிக்கொண்ட ஸ்ட்ரைக்கர் நான்காவது வாரம் வேறு சட்டையில் நிற்பார். சந்தை மூடியதும் ஒவ்வோர் அணியும் 25 பேர் வரை கொண்ட பட்டியலைப் பதிவு செய்யும். அதில் உள்நாட்டில் வளர்ந்தவர் என்ற தகுதி இல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்குட்பட்ட பொடியன்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அந்தப் பட்டியல் வந்த பிறகு உட்கார்ந்து பெயர்களைப் பழகுங்கள்.

கடிகாரத்தைச் சரிசெய்வது

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இங்கிலாந்தில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அதன் பிறகு மார்ச் வரை ஐந்தரை மணி நேரம். ஆகஸ்டில் பழகிய நேரத்தை நம்பி நவம்பரில் டிவியைப் போட்டால், ஒரு மணி நேரம் வெறும் பேச்சைத்தான் கேட்க வேண்டியிருக்கும். மார்ச் கடைசியில் இதற்கு நேர்மாறு: முதல் பாதியே போய்விடும்.

வழக்கமான நேரங்கள் நம் கடிகாரத்தில் இப்படி வரும். முதலில் இருப்பது கோடைக் கணக்கு, அடுத்தது குளிர்காலக் கணக்கு.

சனி முதல் ஆட்டம்: மாலை 5.00 / 6.00
சனி பொது ஆட்டங்கள்: இரவு 7.30 / 8.30
சனி கடைசி ஆட்டம்: இரவு 10.00 / 11.00
ஞாயிறு முதல் சுற்று: மாலை 6.30 / இரவு 7.30
ஞாயிறு பெரிய ஆட்டம்: இரவு 9.00 / 10.00
வெள்ளி, திங்கள் இரவு ஆட்டங்கள்: நள்ளிரவு 12.30 / 1.30
வார நடு ஆட்டங்கள்: நள்ளிரவு 12.00 முதல் 1.45 வரை

கடைசி இரண்டு வரியில் ஒரு பொறி இருக்கிறது. 'திங்கள் ஆட்டம்' என்று அட்டவணையில் போட்டிருந்தால் நமக்கு அது செவ்வாய் பிறந்த பிறகு. தேதியை மட்டும் பார்த்து அலாரம் வைத்தவர் ஒரு நாள் முன்னதாகவே விழித்துக் கிடப்பார், அல்லது ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழித்து உட்காருவார். போன் காலண்டரில் ஏற்றும்போது இங்கிலாந்து நேரத்தில் ஏற்றி, நேர மண்டலத்தை லண்டன் என்று வைத்துவிட்டால் மாற்றும் வேலையைப் போனே பார்த்துக்கொள்ளும்.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையாகக் காட்டத் தடை இருக்கிறது. ஆட்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் சின்ன கிளப்புகளின் மைதானம் காலியாகும் என்ற பழைய ஏற்பாடு அது. அதனால் மூன்று மணி ஆட்டங்களை மான்செஸ்டர்க்காரர் தன் வீட்டு டிவியில் பார்க்க முடியாது. கோரிப்பாளையத்தில் இருப்பவர் ஏழரைக்குப் பார்க்கலாம்.

அட்டவணை ஜூனில் வந்தாலும் அதை நம்பி ஊர்ப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். டிவிக்காக ஆட்டங்கள் வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் திங்களுக்கும் மாற்றப்படும். மாற்றம் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவரும். மாதத்துக்கு ஒரு முறை உங்கள் அணியின் அடுத்த ஐந்து ஆட்டத்தைச் சரிபார்த்தால் போதும்.

டேட்டா, தாமதம், மின்சாரம்

இந்தியாவில் ஒளிபரப்பு உரிமை ஸ்டார் ஸ்போர்ட்ஸ், ஜியோஹாட்ஸ்டார் பக்கம். சீசன் தொடங்கும் முன் உரிமை கை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள். டிவி சேனலில் ஒரு நேரத்தில் ஓரிரு ஆட்டம்தான் வரும். சனி ஏழரைக்கு நான்கைந்து ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும்போது உங்கள் அணியைத் தேடிப் பிடிக்க ஆப்தான் வழி.

மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்கள் கவனிக்க: முன்னும் பின்னும் சேர்த்து ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம். ஹெச்டியில் ஓடவிட்டால் தினசரி 2 ஜிபி பேக் தாங்காது. தரத்தைக் கைமுறையாக இறக்கி வையுங்கள், 'ஆட்டோ' என்று விடாதீர்கள். இரவு 10 மணி ஆட்டம் அன்றைய நாளின் மிச்ச டேட்டாவில்தான் ஓட வேண்டும். பகலில் ரீல்ஸ் பார்த்துத் தீர்த்திருந்தால் இடைவேளையோடு சரி. நள்ளிரவு 12.30 ஆட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை, புது நாளின் பேக் அப்போதுதான் திறந்திருக்கும்.

ஆப்பில் வரும் படம் மைதானத்தில் நடப்பதற்கு அரை நிமிடத்துக்கு மேல்கூடப் பின்தங்கும். டிஷ் வைத்திருப்பவருக்குச் சீக்கிரம் வரும். வாட்ஸ்அப் குழுவில் 'கோல்' என்று செய்தி வந்து விழும்போது உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும். ஆட்ட நேரத்தில் குழுவை மியூட் செய்வதோடு, ஸ்கோர் ஆப்களின் அறிவிப்பையும் அணைத்து வையுங்கள். மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்துக் கூட்டமாகப் பார்ப்பதானால் எல்லோரும் ஒரே திரையில் பார்ப்பதால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் ஆகஸ்டில் மாலை 5 மணி ஆட்டத்துக்கு மாடியில் வெளிச்சம் படத்தை அழித்துவிடும். ஏழரை ஆட்டத்திலிருந்துதான் மாடி உதவும். புரொஜெக்டரும் வைஃபை ரவுட்டரும் இரண்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரவுட்டரை மறப்பவர்கள்தான் அதிகம்: கரண்ட் போனதும் திரை எரியும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பட்டியலைப் படிப்பது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பட்டியல் புரிந்துவிட்டால் பிடிக்காத ஆட்டம்கூடப் பொருள் உள்ளதாகிவிடும்.

இடமிருந்து வலமாக: ஆடிய ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், கோல் வித்தியாசம், புள்ளி. புதியவர் கண் நேராகப் புள்ளிக்குப் போகும். அதற்கு முன் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை (இரண்டும் இங்கிலாந்தின் தனி நாக்-அவுட் போட்டிகள்), ஐரோப்பியப் போட்டி, மோசமான வானிலை என்று பல காரணத்தால் ஆட்டங்கள் தள்ளிப்போகும். பிப்ரவரியில் ஓர் அணி 24 ஆட்டத்தில் 27 புள்ளியோடு 16-ஆம் இடத்திலும், இன்னொன்று 22 ஆட்டத்தில் 25 புள்ளியோடு 17-ஆம் இடத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே இருக்கும் அணியின் சராசரிதான் கொஞ்சம் மேல். ஆனால் அந்தப் பாக்கி இரண்டு ஆட்டமும் ஆர்சனலோடும் லிவர்பூலோடும் வெளியூரில் என்றால்? 'கேம் இன் ஹேண்ட்' என்று டிவியில் உற்சாகமாகச் சொல்வது இன்னும் சம்பாதிக்காத புள்ளியைப் பற்றி. யாரோடு, எங்கே என்று பார்க்காமல் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல், அதன் பிறகுதான் அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு. 2011-12-ல் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் 89 புள்ளியில் நின்றன. சிட்டியின் கோல் வித்தியாசம் 64, யுனைடெட்டுடையது 56. சாம்பியன் சிட்டி. கடைசி நாளில் 90 நிமிடம் தாண்டிய பிறகு சிட்டியின் அகுவேரோ அடித்த கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த கோல் பட்டமாக மாறுவதற்கு, சீசன் முழுக்கச் சேர்த்த 8 கோல் முன்னிலை தேவைப்பட்டது. பிரீமியர் லீக்குக்கு முந்தைய காலத்தில், 1988-89-ல், ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளி, 37 கோல் வித்தியாசம் என்று இரண்டிலும் சமமாக நின்று, 73 கோல் அடித்த ஆர்சனல் 65 அடித்த லிவர்பூலைத் தாண்டியது. ஆகையால் 3-0 முன்னிலையில் இருக்கும் அணி 85-ஆவது நிமிடத்திலும் ஏன் நான்காவது கோலுக்கு ஓடுகிறது என்று கேட்காதீர்கள்.

அடுத்து பட்டியலில் மூன்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள். முதல் கோடு சாம்பியன். இரண்டாவது, ஐரோப்பிய இடங்கள்: முதல் நான்கு அணிகளுக்கு ஐரோப்பிய கிளப்புகளின் முதல் நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக், அதற்கடுத்து இரண்டாம் நிலையான யூரோப்பா லீக். ஐரோப்பிய அளவில் இங்கிலாந்து அணிகள் அந்த ஆண்டு நன்றாக ஆடியிருந்தால் ஐந்தாம் இடத்துக்கும் சாம்பியன்ஸ் லீக் கிடைக்கும், 2024-25-ல் கிடைத்தது. எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தவருக்கு யூரோப்பா, லீக் கோப்பை ஜெயித்தவருக்கு மூன்றாம் நிலையான கான்ஃபரன்ஸ் லீக். ஜெயித்த அணி ஏற்கெனவே மேலே இடம் பிடித்திருந்தால் அந்த வாய்ப்பு பட்டியலில் கீழே இறங்கும். எனவே இந்தக் கோடு மே மாதம் வரை நகர்ந்துகொண்டே இருக்கும், முன்கூட்டியே தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது கோடு 17-க்கும் 18-க்கும் நடுவில். கீழே உள்ள மூன்று அணிகள் அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்கில் இருக்காது. டிவிப் பணமும் ஆட்டக்காரர்களும் கையைவிட்டுப் போகும். மார்ச்சுக்கு மேல் உண்மையான பதற்றம் இங்கேதான். '40 புள்ளி வந்துவிட்டால் தப்பித்துவிடலாம்' என்பார்கள். 2002-03-ல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளியோடு கீழே போனது. 2023-24-ல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 32 புள்ளியிலேயே தப்பித்தது. 2024-25-ல் 18-ஆம் இடத்திலிருந்த லெஸ்டரிடம் 25தான் இருந்தது. ஆகவே 40 என்பதை ஒரு கை கணக்காக மட்டும் வைத்துக்கொண்டு, 18-ஆம் இடத்து அணி எத்தனையில் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

ஃபாரஸ்டின் 32 என்ற எண்ணுக்குள் இன்னொரு பாடமும் உண்டு. களத்தில் அவர்கள் எடுத்தது 36. மூன்று ஆண்டுகளில் அனுமதித்த அளவுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்ற நிதி விதியை மீறியதற்காக 4 புள்ளி வெட்டப்பட்டது. அதே சீசனில் எவர்ட்டனுக்கு முதலில் 10 வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, பிறகு இன்னொரு வழக்கில் 2 வெட்டினார்கள். பட்டியலில் வெற்றி, டிராவைக் கூட்டிப் பார்த்துப் புள்ளி ஒத்துவரவில்லையென்றால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள், அடியில் நட்சத்திரக் குறி இருக்கும்.

நோட்டு

ஆப் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும். ஆனாலும் கையால் எழுதுங்கள், மனதில் நிற்கும். ஒரு 40 பக்க நோட்டு போதும், ஆட்டத்துக்கு ஒரு வரி: நாள், எதிரணி, வீடா வெளியா, ஸ்கோர், சேர்ந்த மொத்தப் புள்ளி, அன்றைய இடம், கடைசியில் பத்து வார்த்தைக்குள் ஒரு குறிப்பு. 'இரண்டாம் பாதியில் இடது பக்கம் திறந்து கிடந்தது' என்பது நல்ல குறிப்பு. 'சூப்பர் மேட்ச்' என்று எழுதினால் ஜனவரியில் அதைப் படித்து ஒன்றும் தெரியாது.

ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை கோடு போட்டு அந்த ஐந்தில் எடுத்த புள்ளியைக் கூட்டுங்கள். அதை 7.6-ஆல் பெருக்கினால் அதே வேகத்தில் 38 ஆட்டத்துக்கு எவ்வளவு வரும் என்று கிடைக்கும். ஐந்துக்கு 5 எடுத்தால் 38 புள்ளி, பெரும்பாலும் மயிரிழையில் தப்பிக்கும் வேகம். 2024-25-ல் 17-ஆம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாம் எடுத்தது சரியாக 38. ஐந்துக்கு 9 என்றால் 68, சாம்பியன்ஸ் லீக் வாசல். ஐந்துக்கு 11 என்றால் 84-ஐத் தொடும். அதே 2024-25-ல் லிவர்பூல் சாம்பியனானது 84 புள்ளியில்தான். முதல் ஐந்து ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் ஐந்தில் மூன்று பெரிய அணிகளைச் சந்தித்த கிளப்பும், மூன்று புது அணிகளைச் சந்தித்த கிளப்பும் ஒன்றாகாது. இரண்டு கோடு விழுந்த பிறகு பேசலாம்.

ஓர் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே களமிறங்கும் 11 பேர் யார் என்று வந்துவிடும். போன வார 11-ஓடு ஒப்பிட்டு யார் இல்லை, ஏன் இல்லை என்று தேடுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: காயம், ஓய்வு, தடை. வேறு கிளப்பிலிருந்து லோனில், அதாவது கடனாக, வந்த ஆட்டக்காரர் தன் சொந்தக் கிளப்புக்கு எதிராக லீக்கில் ஆடக் கூடாது என்ற நான்காவது காரணம் அபூர்வமாக வரும்.

தடைக் கணக்கு எளிது. முதல் 19 லீக் ஆட்டத்துக்குள் 5 மஞ்சள் அட்டை வாங்கினால் 1 ஆட்டம் வெளியே. 32 ஆட்டத்துக்குள் 10 என்றால் 2 ஆட்டம். 15-ஐத் தொட்டால் 3. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறினால் 1 ஆட்டம், அடிதடிக்கு நேரடி சிவப்பு என்றால் 3. டிசம்பர் நெருங்கும்போது 4 மஞ்சளோடு நிற்கும் டிஃபன்ஸிவ் மிட்ஃபீல்டரைக் கவனியுங்கள். வழக்கமாக இடித்து நிறுத்தும் இடத்தில் காலை உள்ளே இழுத்துக்கொள்வார், அந்த இடைவெளியில் பந்து உள்ளே போகும்.

முதல் பதினைந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல், உங்கள் அணியின் நான்கு தடுப்பாளர்களை மட்டும் பாருங்கள். கேமரா பந்தோடு ஓடினாலும் அவர்கள் கோடு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாதி நேரம் தெரியும். மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டி நின்றால் பின்னால் பெரிய காலியிடம், வேகமான ஸ்ட்ரைக்கர் இருக்கும் எதிரணிக்குக் கொண்டாட்டம். பெனால்டி பெட்டிக்கு அருகே ஒடுங்கி நின்றால் கோல் விழுவது குறையும், ஆனால் பந்தை மீட்டு எதிர்ப்பக்கம் போக நெடுந்தூரம். ஆஃப்சைடு சர்ச்சை எல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான் பிறக்கின்றன. பந்து உதைக்கப்படும் அந்தக் கணத்தில் தாக்குபவர் கடைசிக்கு முந்தைய எதிரணி ஆளைத் தாண்டி நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். கை கணக்கில் வராது, தோள் வரும்.

ரெஃப்ரியின் முடிவை வீடியோவில் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். 2019-20-ல் வந்தது. முக்கியமாக கோல், பெனால்டி, நேரடி சிவப்பு, ஆள் மாறி அட்டை கொடுத்தது ஆகியவற்றைத்தான் அது தொடும். கோல் விழுந்ததும் துள்ளிக் குதித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். 2025 ஏப்ரலிலிருந்து ஆஃப்சைடு கோட்டைப் போட அரைத் தானியங்கி முறை வந்திருப்பதால் காத்திருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2025-26 முதல் கோல்கீப்பர் பந்தை 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். ரெஃப்ரி கையை உயர்த்தி விரல் மடக்கி எண்ணுவது அதற்குத்தான்.

மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் வரலாம், ஆனால் இடைவேளையைத் தவிர மூன்று தடவைதான் ஆட்டத்தை நிறுத்தி மாற்றலாம். 60-ஆவது நிமிடத்தில் இரண்டு பேரை ஒன்றாக இறக்கும் காரணம் இதுதான்.

புள்ளிவிவரத்தில் 'எக்ஸ்ஜி' என்று ஒன்று வரும். எடுத்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டிய எண் அது. ஒரு பெனால்டிக்கு 0.75-க்கு மேல், பெட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு மிகக் குறைவு. ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள். பத்து ஆட்டம் தொடர்ந்து 0.8 வாய்ப்பில் இரண்டு கோல் அடித்துக்கொண்டிருக்கும் அணி, சீக்கிரம் அடிப்பது நிற்கும்.

சீசனின் ஓட்டம், நம் மாதக் கணக்கில்

ஆவணி வாக்கில் தொடங்கும். செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் நாட்டு அணி ஆட்டங்களுக்காக லீக் அவ்வப்போது நிற்கும். 'ஏன் இந்த வாரம் ஆட்டமே இல்லை' என்று ஆப்பைக் குறை சொல்லாதீர்கள். ஐப்பசியில் கடிகாரம் மாறும். மார்கழியில் நெரிசல்: டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் ஆட்டங்கள் அடுத்தடுத்து வந்து விழும். ஆள்பலம் குறைந்த அணிகளுக்கு இங்கேதான் தசை இழுக்கும். ஆப்பிரிக்கக் கோப்பை நடக்கும் ஆண்டுகளில் அந்நாட்டு ஆட்டக்காரர்களும் இந்நேரத்தில் கிளம்பிப்போவதுண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே வாடிவாசல் பக்கம் இருக்கும் பொங்கல் வாரத்தில் இங்கிலாந்தில் ஜனவரி டிரான்ஸ்ஃபர் சந்தை திறந்திருக்கும். ஜனவரியில் அவசரமாக ஸ்ட்ரைக்கர் வாங்கும் அணி 15-க்குக் கீழே நிற்கிறது என்று பார்க்காமலே சொல்லலாம்.

மாசி, பங்குனியில் மூன்று கோடுகளும் தெளிவாகும். சித்திரைத் திருவிழாவும் சீசனின் கடைசிக் கட்டமும் ஒன்றாகவே வரும். 2025-ல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. லிவர்பூல் அதற்கு முன்பே, ஏப்ரல் 27-ல், டாட்டன்ஹாமை 5-1 என்று வீழ்த்தி, நான்கு ஆட்டம் மீதமிருக்கும்போதே பட்டத்தைக் கட்டிவிட்டது. அந்த மாதிரி ஆண்டில் மேலே பார்க்க ஒன்றும் இருக்காது, ஐரோப்பிய இடங்களையும் 17-ஆம் இடத்தையும் பாருங்கள்.

கடைசி நாள் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும், நமக்கு வழக்கமாக ஞாயிறு இரவு 8.30. மற்றவர் முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் ஆடக் கூடாது என்பதற்காக. அன்று உங்கள் அணி ஆட்டத்தைப் பெரிய திரையிலும், நேரடிப் பட்டியலைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன்டசி வேண்டுமா?

நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாமே ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு இது. லீக்கே நடத்தும் ஃபேன்டசி பிரீமியர் லீக் இலவசம். கற்பனைப் பணம் 10 கோடி பவுண்டில் 15 பேர்: 2 கோல்கீப்பர், 5 தடுப்பாளர், 5 மிட்ஃபீல்டர், 3 ஸ்ட்ரைக்கர். ஒரு கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. வாரம் ஒருவரை இலவசமாக மாற்றலாம், கூடுதலாக மாற்றினால் தலைக்கு 4 புள்ளி போகும். மற்ற 19 அணிகளின் பெயர்களும் மூன்றே மாதத்தில் பழகிவிடும் என்பதுதான் இதன் லாபம். கெடு அந்த வார முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு: சனி முதல் ஆட்டம் என்றால் நமக்கு மதியம் 3.30, குளிர்காலத்தில் 4.30. வெள்ளி ஆட்டம் இருந்தால் வெள்ளி இரவு 11 அல்லது நள்ளிரவு 12. வெள்ளி ஆட்டம் இருப்பதை மறந்து சனி மதியம் அணியைத் திறந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

நம் ஊர் லீக்குகள்

பட்டியல் படிக்கப் பழகிய கண்ணோடு இந்தியன் சூப்பர் லீக்கைப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். 2019-20 முதல் 2024-25 வரை பட்டியலில் முதலிடம் பிடித்தவருக்கு ஷீல்டு, அதன் பிறகு நடந்த பிளே-ஆஃப் ஜெயித்தவருக்குக் கோப்பை என்று இரண்டு பரிசு இருந்தது. சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் ஜெயித்தது கோப்பை. 2017-18-ல் பட்டியலில் 8 புள்ளி முன்னால் முடித்தது பெங்களூரு. ஃபைனலில் அதே பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று சென்னை தோற்கடித்தது. சமப் புள்ளிக்கு அங்கே விதி வேறு, இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய முடிவு முதலில் வரும். 2025-26 சீசன் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி வழக்கமான செப்டம்பரில் தொடங்கவில்லை. ஆகவே அட்டவணை கையில் வந்த பிறகு டிக்கெட் யோசியுங்கள்.

சென்னையில் ஆட்டம் பெரியமேடு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில், வழக்கமாக இரவு 7.30-க்கு. சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். திரும்புவதில்தான் சிக்கல்: ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வர ஒன்பதரை ஆகும். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஒன்பதே முக்காலையொட்டிக் கிளம்புவது, அதை நம்பி முன்பதிவு செய்தால் 80-ஆவது நிமிடத்தில் எழுந்து ஓட வேண்டும். பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு லோக்கல் ஏறி வண்டலூரில் இறங்கி, கிளாம்பாக்கத்தில் நள்ளிரவு பஸ் பிடிப்பது நிம்மதி. மாட்டுத்தாவணிக்குக் காலையில் வந்து சேரலாம்.

இன்னொரு லீக்கைச் சொல்லாமல் விடக் கூடாது. தேசிய அளவில் முதல் நிலை லீக்கில் மதுரைக்கென்றே ஓர் அணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சேது எஃப்.சி., பெண்கள் அணி. 2018-19 இந்தியன் வுமன்ஸ் லீக் ஃபைனலில், 2019 மே மாதம் லூதியானாவில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். 2021-22-ல் கோகுலம் கேரளாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். 2023-24 முதல் இந்த லீக் வீடு-வெளி முறைக்கு வந்தது. 2024-25-ல் 8 அணிகள், அணிக்கு 14 ஆட்டம்.

புதியவருக்கு இதைவிடக் கைக்கடக்கமான சீசன் கிடையாது. 38-க்குப் பதில் 14 வரி, நள்ளிரவு விழிப்பும் இல்லை. ஐந்துக்குப் பதில் ஏழு ஆட்டத்தில் கோடு போட்டு, முதல் ஏழையும் இரண்டாம் ஏழையும் ஒப்பிடுங்கள். வீடு-வெளி முறையில் நடக்கும் சீசனில் அதே எதிரணிகள் மைதானம் மாறி வருவதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஆட்டங்கள் யூடியூபில் நேரலையாக வந்திருக்கின்றன, கேமரா குறைவு, ரீப்ளே அரிது. யார் அடித்தது என்று ஆட்டத்தின்போதே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் சிரமம். அட்டவணை கடைசி நேரத்தில்தான் வரும், அதுவும் மாறும். கிளப்பின் பக்கத்தையும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பக்கத்தையும் வாரம் ஒரு முறை பார்த்தால் தவறவிடமாட்டீர்கள்.